பிடித்தம்

பண்டாரவளை நௌபர் கடையில்
கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டை எடுத்து வைத்தார்.
மஞ்சள் ஒன்று, சாம்பல் ஒன்று.
இரண்டும் கைக்குள் அடங்கும் ஜீபிஎஸ்.
மஞ்சள் மூன்று மீட்டர் பிசகும்; சாம்பல் ஐந்து.
மஞ்சளில் படம் வண்ணத்தில் வரும், தொட்டால் நகரும்.
சாம்பலில் எட்டுப் பொத்தான், கறுப்புக் கோடு, அவ்வளவுதான்.

"மஞ்சளை எடுங்க தங்கச்சி."
தொட்டேன். அசையவில்லை.
சேலையில் துடைத்துவிட்டுத் தொட்டேன்.
பதினான்கு வருடக் கொழுந்து காய்ப்பாக்கிய விரலை
அந்தக் கண்ணாடி
விரலென்று ஒப்புக்கொள்ளவில்லை.
கோமளேஸ்வரியுடையதையும்தான்.
நௌபரின் மகன் தொட்டான்:
முழு இலங்கையும் வழுக்கிக்கொண்டு ஓடியது.

சங்கக் காசு எழுபத்தோராயிரம் என் பையில்.
நாற்பத்திரண்டு குடும்பம், மாதம் ஐம்பது ரூபா,
கிட்டத்தட்ட மூன்று வருடம்.

காணி கேட்டு மனுக் கொடுத்திருந்தோம்.
எந்த இடம் என்றார்கள்.
ஓடைக்கு மேலே, டர்பன்டைன் மரத்துக்குக் கீழே
என்று எழுதினோம்.
மரத்தைக் கம்பனி வெட்டி ஏற்றிவிட்டது.
வெட்டி ஏற்ற முடியாத எதிலாவது
எங்கள் மூலைகளைக் கட்டிவைக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் பிரதேச செயலகத்தில் அந்த லிகிதர்
கோவையைக் கட்டிக்கொண்டே சொன்னார்:
"இதுக்கெல்லாம் அடுத்த வருசம்
அரசாங்கம் பாவனைக் கட்டணம் எடுக்கப் போகுதாம்."
கருவிக்கா சேர்? ஆளுக்கா?
குறிக்கிற ஒவ்வொரு புள்ளிக்குமா?
அவர் டீ குடிக்க எழுந்து போனார்.
ஆமென்பதற்கு ஒரு கடுதாசி இல்லை,
இல்லையென்பதற்கும் இல்லை.

நௌபர் சிரித்தார்.
"செய்மதி அமெரிக்காக்காரன்ட, ரஷ்யாக்காரன்ட.
அவனே காசு கேக்கல்ல, இவங்க எப்பிடிக் கேப்பாங்க?"

அவர் கைக்குச் சம்பளத் துண்டு வந்ததில்லை.
எங்களுக்கு மாதாமாதம் வரும்.
கோயிலுக்குப் பிடித்தது, சந்தாவுக்குப் பிடித்தது,
முற்பணம், தேயிலைத் தூள்,
மழைநாளில் கொழுந்தோடு வந்த தண்ணீருக்கு
இரண்டு கிலோ.
மழையைக் கழிக்கத் தெரிந்தவர்களுக்கு
வானத்தைக் கழிப்பது
பெரிய கணக்கா?

சாம்பலை வாங்கினோம்.
நாற்பத்தாறாயிரத்து ஐந்நூறு.
பற்றரி நான்கு, நானூற்று எண்பது.
பஸ்ஸில் கணக்குக் கொப்பியை மடியில் விரித்து
'பாவனைக் கட்டணம்' என்று எழுதி
எதிரே இடம் விட்டேன்.
எத்தனை இலக்கத்துக்கு விடுவது என்று தெரியாமல்
பேனை வளைவுக்கு வளைவு நகர்ந்தது.

கோமளேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.
"கேட்டா கட்டுவம் அக்கா."
எதுக்கு?
"கட்டினா பற்றுச்சீட்டுத் தரணும்.
பற்றுச்சீட்டில விலாசம் எழுதணும்.
லயத்துக்கு விலாசம் இல்லன்னு
அப்ப எப்பிடிச் சொல்லுவாங்க?"

நான் பதில் சொல்லவில்லை.
அவள் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.
வீட்டுக்கு வந்ததும் மீதியில் இருபதாயிரத்தைச் சுருட்டி
கடுகு டின்னுக்குள் போட்டேன்.

ஞாயிறு காலை லீக்ஸ் பாத்தியின் மேல்மூலை.
பொத்தானை அழுத்திவிட்டு நின்றோம்.
செய்மதி தேடுகிறது.
செய்மதி தேடுகிறது.
மலை பாதி வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது.
கடைசியில் இலக்கங்கள் வந்தன.
மழைக்கு அழியாதென்று பென்சிலால்
பழைய சம்பளத் துண்டின் பின்புறம் எழுதினாள்.
பிசகு ஏழு மீட்டர் என்றது கருவி.

ஏழு மீட்டர் என்றால்
அது செபமாலையின் போஞ்சிப் பாத்தி.

இரண்டாம் தடவை எடுத்தோம், மூன்றாம் தடவை.
செபமாலையே வந்துவிட்டார், கையில் மண்வெட்டி.
"என்னத்த அளக்கிறீங்க எங்க பக்கத்தில?"

"கொஞ்சம் பொறுங்க அண்ணே,
மேல இருந்து இன்னும் சரியாச் சொல்லல்ல."

அவர் அண்ணாந்து பார்த்தார்.
பிறகு மண்வெட்டியை ஊன்றி
எங்களோடு நின்றார்.